கைராசியில் வாங்கப்போன ரிவால்வர்

நான் மாவு அரைக்கிறவன். இட்லி மாவு, தோசை மாவு, கேட்டால் அடை மாவு. இர்விங்கில் ஒரு மளிகைக் கடையின் பின்பக்கம் நாலு கிரைண்டர் போட்டிருக்கிறேன். விடியுமுன்னே வாளிகளை வேனில் ஏற்றி அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டாகப் போய்க் கொடுப்பேன். கடைசி வாளி ரிச்சர்ட்சனில். அங்கே போய்ச் சேரும்போது வெயில் வந்துவிடும். படிப்பு ஏழாவது. பேச்சும் குறைவு. மாவு வேலைக்குப் பேச்சு தேவையில்லை.

குளிர் தொடங்கிய சமயம். ஒரு பார்க்கிங்கில் வாளி இறக்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தன் வந்தான். இளைஞனும் இல்லை, கிழவனும் இல்லை. ஒரு கை சட்டைக்குள் இருந்தது. உள்ளே என்ன வைத்திருந்தான் என்று இன்றுவரை தெரியாது. வெறும் விரலாகவும் இருக்கலாம். வாளியைத் திற என்றான். திறந்தேன். குனிந்து மூக்கை வைத்தான். அன்றைக்கு மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. கெட்டுப்போனதை ஏன் சுமந்துகொண்டு அலைகிறாய் என்று கேட்டான். கெடவில்லை, இப்படித்தான் இருக்கும் என்றேன். அவன் நம்பவில்லை. பணம் கேட்டான். இல்லை, எல்லாரும் போனில்தான் அனுப்புகிறார்கள் என்றேன். போனைக் காட்டினேன். கண்ணாடி உடைந்த பழைய போன். அதையும் வேண்டாம் என்றான். கடைசியில் என் ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டான். போகும்போது வாளியைத் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தான். அதுதான் எனக்கு வலித்தது.

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. ஜாக்கெட் எங்கே என்று மனைவி கேட்டாள். சொல்லிவிட்டேன். அது மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்த ஜாக்கெட். அவள் அப்போதே, விமானம் ஏறிப் போகிற தூரத்தில் மில்பிடாஸில் இருக்கும் மகளைக் கூப்பிட்டாள். மகள் ஸ்பீக்கரில் வந்தாள்.

"அப்பா, ஒண்ணு செல்ஃப் டிஃபென்ஸுக்கு ஏதாவது கையில வெச்சுக்கங்க. இல்ல பிசினஸை க்ளோஸ் பண்ணிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. தனியா இருட்டுல சுத்தறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"பொங்கல் வரைக்கும் டைம்," என்றாள் மனைவி. கெடு வைத்தது மகள் இல்லை. இவள்.

மில்பிடாஸுக்குப் போயிருக்கிறேன். நல்ல ஊர். எல்லாக் கடையும் இருக்கிறது. மகள் வீடு இரண்டாவது மாடி. அங்கே ஒரு தடவை கிரைண்டர் ஓட்டினேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார். கிரைண்டருக்கு அடியில் யோகா பாய் போட்டார்கள். அப்புறமும் வந்தார். அங்கே எனக்கு வேலை பேரனை டேகேரில் விடுவது, திரும்பக் கூட்டிவருவது. நடுவில் சோபா. நான் சோபாவில் உட்காரத் தெரியாத ஆள். அதனால்தான் துப்பாக்கி வாங்குவதென்று முடிவு செய்தேன். திருடனுக்குப் பயந்து இல்லை.

என் வாடிக்கையில் ஈரோட்டுத் தம்பி ஒருத்தர் இருக்கிறார். சாஃப்ட்வேர். வாரம் இரண்டு வாளி. அவர் வீட்டில் துப்பாக்கி கிடையாது. ஆனால் எல்லாத் துப்பாக்கியும் தெரியும். க்ரீன் கார்டு இருந்தால் எனக்கும் விற்பார்கள் என்று அவர்தான் சொன்னார். பிஸ்டலா ரிவால்வரா என்று கேட்டார். என்ன வித்தியாசம் என்றேன். அரை மணி நேரம் சொன்னார். நான் புரிந்துகொண்டது இதுதான். பிஸ்டல் மிக்சி மாதிரி. வேகம், பல பாகம், எங்காவது சிக்கினால் நின்றுவிடும். ரிவால்வர் கல் கிரைண்டர் மாதிரி. சுற்றும், அவ்வளவுதான். ஐந்து குண்டு. அழுத்தினால் வெடிக்கும். அழுத்தாவிட்டால் சும்மா இருக்கும். எனக்கு ரிவால்வர் போதும் என்றேன். விலை குறைவாக.

தம்பி என்னை முதலில் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். சட்டப்படி கட்டாயம் இல்லையாம், ஆனாலும் போங்கண்ணா என்றார். நல்லது செய்தார். அங்கே இரண்டு ரிவால்வர் கொடுத்தார்கள். ஒன்று அலுமினியம், கையில் இருப்பதே தெரியாது. இடுப்பில் வைக்க அதுதான் சுகம் என்று நினைத்தேன். சுட்டேன். ஆட்டுக்கிடா முட்டின மாதிரி உள்ளங்கையில் முட்டியது. இன்னொன்று இரும்பு. கனம். அது அவ்வளவு முட்டவில்லை. கனமே பாதி உதையை வாங்கிக்கொள்கிறது என்றார் பயிற்சியாளர். கிரைண்டரிலும் அப்படித்தான், லேசான கல் துள்ளும்.

குறி பார்க்கத் தொங்கவிட்ட என் காகிதத்தைப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. பக்கத்தில் சுட்டவர் காகிதத்தில் ஓட்டை கூடுதலாக இருந்தது. அவர் எனக்கு நன்றி சொன்னார்.

ஒரு மனிதனைச் சுட முடியுமா என்று பயிற்சியாளர் தனியாகக் கேட்டார். தெரியாது என்றேன். தெரியும் என்று சொல்பவனைவிட இது மேல் என்றார்.

அடுத்த யோசனையும் தம்பியுடையதுதான். வாங்குவதற்கு முன்னால் அதே கனத்தில் ஏதாவது ஒன்றை இடுப்பில் வைத்துப் பழகுங்கள், வெளியே தெரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். வீட்டில் தேடினேன். இஞ்சி இடிக்கும் சின்ன இரும்பு உலக்கை சரியாக இருந்தது. அதைப் பேண்டுக்குள் சொருகிக்கொண்டு மாவு போட்டேன். வாளி தூக்கும்போது வயிற்றில் குத்தியது. குனியும்போது பேண்ட் இறங்கியது. பெல்ட்டை இறுக்கினால் மூச்சு இறங்கவில்லை. முதுகுப் பக்கம் வைத்தேன். வேன் சீட்டில் சாய முடியவில்லை. காலையில் டீ போடும் நேரத்தில் மனைவி கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

"இடுப்புல இருக்கிறதை எடுங்க. இஞ்சி தட்டணும்."

கழுவிக் கொடுப்பேன். தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். மறுபடி சொருகிக்கொள்வேன்.

ஒரு வீட்டில் வாளியை வைக்கக் குனிந்தேன். உலக்கை நழுவி அவர்கள் டைல்ஸில் விழுந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. அந்த வீட்டு அங்கிள் மண்டி போட்டு எடுத்துப் பார்த்தார். மாவோடு இது இலவசமா என்று கேட்டார். இல்லை, என்னுடையது என்று வாங்கி அவர் முன்னாலேயே பேண்டுக்குள் வைத்தேன். ஒளித்து வைப்பது எனக்கு வராது என்று அன்றைக்குத் தெரிந்தது. பொங்கல் நெருங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட்சனில் என் கடைசி வாளி அவர்களுக்குத்தான். யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். எங்கள் வட்டாரத்தில் அவர்களுக்குக் கைராசி என்று பேர். யார் கார் வாங்கினாலும் சாவியை அவர்கள் கையால்தான் வாங்குவார்கள். வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டினால் செக்கை அவர்கள் தொட்டுக் கொடுக்க வேண்டும். என் முதல் கிரைண்டரின் சுவிட்சைப் போட்டது அவர்கள்தான். அது இன்னும் ஓடுகிறது. அவர்கள் தேவாலயம் போகிறவர்கள், ராசி கீசி எல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் கூப்பிட்டால் வருவார்கள். மாட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

துப்பாக்கியும் ஆன்ட்டி கையால்தான் வாங்க வேண்டும் என்றாள் மனைவி. வேண்டாம் என்றேன். எதுக்கு வேண்டாம் என்றாள். காரணம் தெரியவில்லை. போனோம்.

ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"தம்பி, நான் துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் ஊரை விட்டு வந்தனான்," என்றார்கள். அவர்கள் ஊரில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பேர். "இப்ப என்னையே வாங்கித் தரச் சொல்லுறீரோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவிதான் பேசினாள். வாங்காவிட்டால் இவர் தொழிலை விட வேண்டும், தொழிலை விட்டால் இவர் என்ன ஆவார் என்று தெரியவில்லை என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மில்பிடாஸ் போக அவள் ஆசைப்படுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி கார்டிகனை மாட்டிக்கொண்டு ஷூ தேடினார்கள்.

ஆக நாலு பேர் போனோம். நான், மனைவி, ஆன்ட்டி, மொழிபெயர்க்க ஈரோட்டுத் தம்பி. ராகு காலம் முடியும் வரைக்கும் கடை வாசலில் வேனில் உட்கார்ந்திருந்தோம். கடை ஒரு டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மா. நரைத்த சடை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. கைத்துப்பாக்கி ஒன்று அவர் இடுப்பிலேயே இருந்தது. குனிந்தார், நிமிர்ந்தார், அது அசையவில்லை. அவர் மேல் மரியாதை வந்தது.

கண்ணாடிப் பெட்டிக்கு மேல் பச்சைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நகைக்கடை மாதிரியே இருந்தது. மனைவிக்கு அங்கே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இது வேண்டாம், அது எடுங்க, அதற்குப் பின்னால் இருப்பது என்று விரலால் காட்டினாள். ரோஸ் கலர் பிடி போட்ட ஒன்று இருந்தது. அதைக் கையில் வாங்கி என் சட்டையோடு வைத்துப் பார்த்தாள். கடைக்கார அம்மா அவள் கையை மெதுவாகத் தரைப் பக்கம் திருப்பிவிட்டார்.

புதிதில் மலிவானது ஒன்று காட்டினார். குண்டு போடும் உருளையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாருங்கள் என்றார். லொடலொடவென்று ஆடியது. கல் இப்படி ஆடினால் நான் கிரைண்டர் வாங்க மாட்டேன். பக்கத்தில் பழையது ஒன்று கிடந்தது. ஏதோ ஊர்க் காவலர்கள் வைத்திருந்து விற்றது. குட்டைக் குழல், இரும்பு, சாயம் தேய்ந்து ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. உறையில் தேய்ந்த தேய்மானம்தான், அதிகம் சுடவில்லை என்றார். உருளை ஆடவில்லை. பின்னால் இருக்கும் சுத்தி துணியில் மாட்டாதபடி மழுங்கலாக இருந்தது. காலியா என்று அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். சுவர்ப் பக்கம் நீட்டி ஒரு தடவை அழுத்தினேன். கனமாக, ஒரே சீராக வந்தது. விலை புதியதைவிடக் குறைவு. இது போதும் என்றேன்.

கடைசி விலை கேளுங்க என்றாள் மனைவி. தம்பி கேட்கவில்லை. கேளுங்க தம்பி என்றாள். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைக்கார அம்மா சிரித்துவிட்டு, துடைக்கும் துணி ஒன்று இலவசமாகத் தருகிறேன் என்றார். ஒரு பையும் கேளுங்க என்றாள்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. அரசாங்கப் படிவத்தை நீட்டினார்கள். இதை வாங்குவது நீங்கள்தானா என்பது அதில் ஒரு கேள்வி. ஆமாம் என்று போட்டேன். அது உண்மை. பிறகு பணம் கொடுக்க வேண்டும். பணம் மனைவியின் கைப்பையில். அவள் அதை எடுத்து ஆன்ட்டி கையில் வைத்தாள். ஆன்ட்டி கண்ணை மூடி ஜெபம் செய்தார்கள். வலது கையால் பணத்தைக் கடைக்கார அம்மாவிடம் நீட்டினார்கள்.

அந்த அம்மாவின் கை பாதியில் நின்றது.

இந்தத் துப்பாக்கி யாருக்கு என்று கேட்டார். ஆன்ட்டி என்னைக் காட்டினார்கள். அப்படியானால் நீங்கள் ஏன் பணம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். இது என் பணம் இல்லை, இந்தப் பெண்ணின் பணம் என்று மனைவியைக் காட்டினார்கள். மனைவி என்னைக் காட்டினாள். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி விளக்க ஆரம்பித்தார். அவர் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். அதுதான் கெடுத்தது. அவர் சொன்னது எனக்கே புரிந்தது.

இந்த அம்மாவுக்கு அதிர்ஷ்டக் கை, எங்கள் ஆட்கள் எல்லாரும் முக்கியமான சாமான் எதையும் இவர் கையால்தான் வாங்குவார்கள், இந்த வட்டாரத்தில் பல வருடமாக இவர்தான் வாங்கித் தருகிறார் என்றார்.

கடைக்கார அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆன்ட்டியைப் பார்த்தார். கார்டிகன், சேலை, வெள்ளை ஷூ. பல வருடமாகவா என்று கேட்டார். ஆன்ட்டி பெருமையாகத் தலையாட்டினார்கள்.

படிவத்தை மூடினார். ரிவால்வரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஒருவர் பெயரில் இன்னொருவர் வாங்குவது இங்கே பெரிய குற்றம், நீங்கள் அப்படி இல்லை என்றே நினைக்கிறேன், ஆனால் சந்தேகம் வந்தால் நான் விற்கக் கூடாது, இன்றைக்கு உங்கள் நாலு பேரில் யாருக்கும் விற்க மாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். துடைக்கும் துணியையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பக்கத்து டோனட் கடையில் உட்கார்ந்தோம். தம்பி மூன்று டோனட் தின்றார். நான் மில்பிடாஸ் சோபாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அது பழுப்பு நிறம். உட்கார்ந்தால் உள்ளே இழுக்கும்.

ஆன்ட்டிதான் பேசினார்கள்.

"என்ர கை வேலை செய்யேல்லை எண்டு நினைக்காதையும் தம்பி. வேலை செய்தபடியாத்தான் நிண்டது."

மனைவி நிமிர்ந்தாள். அவளுக்கு அது தீர்ப்பு. துப்பாக்கி கிடையாது. நான் மறுநாள் தனியாகப் போய் வாங்கியிருக்கலாம். ஆன்ட்டி கை மறுத்ததை வீட்டுக்குள் கொண்டுவர அவள் விடமாட்டாள். அங்கேயே மகளைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். முடிந்தது என்று நினைத்துக் காபியை வைத்துவிட்டேன்.

"துப்பாக்கி அமையலடி," என்றாள். "அப்பாவைத் தனியா விடக் கூடாதுன்னுதானே சொன்னே? நாளையிலிருந்து நான் வண்டியில கூடப் போறேன்."

மகள் ஆங்கிலத்தில் நிறையச் சொன்னாள். மனைவி போனைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். தம்பி நாலாவது டோனட்டை எடுத்தார்.

மறுநாளிலிருந்து வந்தாள். பிளாஸ்கில் இஞ்சி டீ. வேன் கிளம்பியதும் கரூரில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் போடுவாள். அங்கே சாயங்காலம். ரிச்சர்ட்சன் வரைக்கும் பேசுவாள். இவள் ஒளித்து எடுத்துப்போகிற சாதனம் இல்லை. நாங்கள் வருவது அடுத்த பிளாக்கிலேயே கேட்கும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அதே பார்க்கிங்கில் அதே ஆளைப் பார்த்தோம். சுவரில் சாய்ந்து நின்றான். ஜாக்கெட் போட்டிருந்தான். நான் வண்டியை எடுக்கப் போனேன். மனைவி அதற்குள் இறங்கிவிட்டாள்.

"ஏம்ப்பா, அது எங்க மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்த ஜாக்கெட்டு," என்றாள். தமிழில்தான் சொன்னாள். போன் இன்னும் ஸ்பீக்கரில் இருந்தது. கரூரிலிருந்து, யாருக்கா அது, யாருக்கா அது என்று சத்தம் வந்தது. அவன் கை மறுபடி சட்டைக்குள் போகுமா என்று நான் அந்தக் கையையே பார்த்தேன். இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

அவன் அவளைப் பார்த்தான், போனைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். மாவு வாசனை வந்திருக்க வேண்டும், மூக்கைச் சுளித்தான். ஜாக்கெட்டைக் கழற்றி வேன் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே இன்னொரு ஜாக்கெட் போட்டிருந்தான். அது யாருடையதோ.

மனைவி எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஒரு தடவைகூடத் துவைக்கல," என்றாள். தங்கச்சியிடமும் சொன்னாள்.

பொங்கலன்று மகள் கூப்பிட்டாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். கோடை விடுமுறைக்கு வந்து இரண்டு வாரம் இருக்கிறோம் என்றாள் மனைவி. அவ்வளவுதான். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கடைக்கு இன்னொரு தடவை போனேன். டயர் மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில், மனைவியை டயர் கடையில் விட்டுவிட்டுத் தனியாக. அந்த அம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. அதிர்ஷ்டக் கை எங்கே என்று கேட்டார். நான் பார்த்த ரிவால்வர் விற்றுப்போயிருந்தது. யாரோ தனியாக வந்தவராக இருக்கும். அதே மாதிரி வேறொன்று எடுத்துத் துணிமேல் வைத்தார். கையில் எடுத்தேன். காலியா என்று பார்த்தேன். உருளையை ஆட்டினேன். ஆடவில்லை. நல்ல சாமான்.

வெளியே ஹார்ன் அடித்தது. மனைவிதான். நீளமாக அடித்தது. டயர் மாட்டி முடித்துவிட்டார்கள், வெயில் ஏறிவிட்டது, வண்டியில் ஆறு வாளி இருக்கிறது. ரிவால்வரைத் துணிமேல் வைத்தேன். மாவு புளிக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது.